எட்டரை மணி ஆட்டமும் ஐந்து மணிப் பியர்க்கடையும்

நான் ஒரு பியர்க்கடையில் ஏழு வருடம் வேலை செய்தேன். அதில் முதல் மூன்று வருடம் அங்கே ஒருவர்கூடப் பியர் குடித்து நான் பார்த்ததில்லை.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. நான் துப்புரவு வேலை. காலை ஏழு மணிக்குப் போய் ஒன்பதரைக்குத் திரும்புவேன். கடை திறப்பது மாலை ஐந்துக்கு. குடித்தவர்களை நான் அறியேன். அவர்கள் விட்டுப்போன கிளாஸ், சாம்பல், கதிரைக்குக் கீழே கிடக்கும் ஒற்றைக் கையுறை, இவற்றைத்தான் அறிவேன்.

கடை இருந்தது பீலெஃபெல்டிலிருந்து ரயிலில் இருபது நிமிடம் தள்ளிய ஒரு சின்ன ஊரில். தெருமூலைப் பியர்க்கடையை இங்கே க்னைப்பெ என்பார்கள். பன்னிரண்டு மேசை, பியர் ஊற்றிக் கொடுக்கும் ஒரு நீள மேடை, மூலையில் இரும்புத் தாங்கியில் ஒரு ரீவி.

1. மூன்று சட்டம்

முதல் நாள் என்னிடம் கடைக்கதவின் திறப்பைத் தந்தவர் கடைக்காரர் ஹெர் பொல்மான். அறுபது வயது, பெரிய உருவம். கடைக்கு மேல்மாடியில் தனியாக இருந்தார். இரவு இரண்டு மணிவரை வேலை செய்கிற ஆள் என்பதால் காலை ஏழு மணி அவருக்கு நடுச்சாமம். குளியல் மேலங்கியோடு, பாதிக் கண் மூடியபடி வந்து மூன்று விடயம் சொன்னார்.

"தரை மரத்தரை. தண்ணி கனக்க ஊத்தாதேங்கோ. பியர்க் குழாயில கை வைக்காதேங்கோ. என்னை எழுப்பாதேங்கோ."

"யா" என்றேன், ஓம் என்று. அப்போது எனக்குத் தெரிந்த ஜேர்மன் மொழியில் பாதி அந்த ஒரு சொல்தான்.

என் பெயர் ரீற்றா அந்தோனிப்பிள்ளை. மன்னாரிலிருந்து வந்தவள். என் முழுப் பெயரையும் சொல்லிமுடிக்க அவருக்கு மூச்சுப் போதவில்லை. ஹெர் என்றால் திரு, ஃபிரௌ என்றால் திருமதி. அதனால் அந்தக் கடையில் நான் ஃபிரௌ அன்ரோனி ஆனேன்.

வாசலில் ஒரு பித்தளைத் தகடு இருந்தது. "தினமும் மாலை 5 மணி முதல்" என்று அதில் வெட்டியிருக்கும். சனிக்கிழமைகளில் அதை மினுக்குவதும் என் வேலை. பொல்மான் அந்தக் கடையை எடுத்த நாளிலிருந்து அந்த நேரம் ஐந்து நிமிடம்கூட முன்பின் ஆனதில்லை என்று தெருவில் சொல்வார்கள்.

2. உலகக் கிண்ணம் காலையில் வந்தது

2002ஆம் ஆண்டு உலகக் கிண்ண உதைபந்தாட்டம் கொரியாவிலும் யப்பானிலும் நடந்தது. அங்கே மாலை என்றால் எங்களுக்குக் காலை அல்லது மதியம். அந்த ஜூன் மாதம் ஜேர்மனி முழுக்கத் தலைகீழாய் நின்றது. என் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் சில்லு வைத்த ரீவியை வகுப்புக்கு வகுப்பு உருட்டிக்கொண்டு திரிந்தார்கள். என் கணவர் யோசேப்பு வேலை செய்த குசினி அலுமாரித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளரே ரேடியோ கொண்டுவந்தாராம். பல் வைத்தியரிடம் எனக்கு இருந்த டெர்மினை, அதாவது குறித்த நேரத்தை, அவர்களே கூப்பிட்டு வேறு நாளுக்கு மாற்றினார்கள். காரணம் கேட்டேன். "ஆட்டம் இருக்கு" என்றாள் ரெலிபோனில் பேசிய பிள்ளை, காய்ச்சல் என்று சொல்வதுபோல.

ஊரில் இருந்த மற்றப் பியர்க்கடைகள் சில மதியமே திறந்தன. பொல்மான் பித்தளைத் தகட்டுக்குக் கீழே ஒரு மட்டையில் எழுதி ஒட்டினார்: "உலகக் கிண்ணத்துக்கும் மாலை 5 மணி."

அவருடைய வாடிக்கையாளர்கள் ஐந்து மணிக்கு வந்து, எப்போதோ முடிந்துபோன ஆட்டத்தைப் பற்றிச் சண்டை பிடித்தார்களாம். கலியாணத்துக்கு மறுநாள் போய்ப் பந்தலில் குந்தின மாதிரி.

ஜேர்மனி அடுத்த சுற்றுக்குப் போனது. பரகுவேயோடு ஆட்டம். சனிக்கிழமை, காலை எட்டரைக்கு.

3. யன்னலில் தட்டியவர்

சனிக்கிழமை எனக்குப் பெரிய வேலை நாள். கதிரைகளை எல்லாம் மேசைமேல் கவிழ்த்துவைத்து, தரையைத் துடைத்து, மெழுகு போட்டுத் தேய்க்க வேண்டும். மெழுகு காய ஒரு மணித்தியாலம். அதற்குள் யாராவது சப்பாத்தோடு நடந்தால் அந்த அடையாளம் அடுத்த சனிக்கிழமைவரை இருக்கும்.

எட்டு மணிக்குக் கடைசி மூலையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். யன்னலில் யாரோ தட்டினார்கள்.

நிமிர்ந்து பார்த்தால் எனக்குத் தெரிந்த முகம். சுவரில் வாடிக்கையாளர்களின் ஒரு படம் மாட்டியிருந்தது. மூன்று வருடமாக அதை நான் தூசு தட்டுகிறேன். அந்தப் படத்தில் நடுவில் இருந்த நரைமீசை மனிதர், ஜூன் மாதத்தில் கழுத்தில் கம்பளிச் சால்வையோடு, உயிரோடு யன்னலில் நின்றார். பின்னால் இன்னும் மூன்று பேர். அவர்களும் படத்தில் இருந்தவர்கள்தான்.

யன்னலைக் கொஞ்சம் திறந்தேன்.

"நீங்கள் ஃபிரௌ அன்ரோனி" என்றார். "நான் குன்ரர். பஸ் ஓட்டினனான், இப்ப பென்சன். நாங்கள் மேசை நாலு."

"என்னை எப்படித் தெரியும்?"

"நாங்கள் சாம்பலைக் கீழ கொட்டினால் பொல்மான் சொல்லுவார், காலமை ஃபிரௌ அன்ரோனி வந்து திட்டுவா எண்டு. மூண்டு வருசமா உங்களுக்குப் பயந்து இருக்கிறம்."

நான் யாரையும் திட்டியதில்லை. ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது.

"கடை ஐந்து மணிக்குத்தான்" என்றேன்.

"தெரியும். வெளிச்சம் எரிஞ்சது, அதுதான் தட்டினம். ஸ்டேசன் பக்கத்துப் பியர்க்கடை இண்டைக்குக் காலமையே திறந்திட்டுது, போய்ப் பார்த்தம். வாசல்வரைக்கும் சனம்."

"வீட்டில ரீவி இல்லையோ?"

"இருக்கு" என்றார் குன்ரர். "பக்கத்தில இருந்து கத்த ஆளில்லை."

இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம், அகதிகள் விடுதியில், நானும் தனியாக ரீவி பார்த்திருக்கிறேன். அதில் சனம் சிரிக்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்கப் பக்கத்தில் ஆள் இருக்காது. அந்த அறையின் மணம்கூட எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

இன்னொரு பக்கம், இந்த வேலை எனக்குச் சும்மா கிடைத்ததல்ல. வீட்டிலே மூன்று பிள்ளைகள். திறப்பை என்னை நம்பித் தந்த மனிதர் மேலே நித்திரை. நான் யோசித்தேன். யோசித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டேன். எது முந்தி நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

"ஒரு விசயம்" என்றேன். "மெழுகு காயேல்லை. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ."

4. பேப்பர் இல்லை

நான்கு பேரைத்தான் நான் உள்ளே விட்டேன். எட்டரைக்கு இருபத்தெட்டுப் பேர் இருந்தார்கள்.

கதவடியில் சப்பாத்துக் குவியல். தமிழ் வீட்டுப் பிறந்தநாள் விழாவுக்கு வந்த மாதிரி இருந்தது. அதைப் பார்த்துத்தான் தெருவில் போனவர்களும் வந்தார்கள். இரவு வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த சபீனா என்ற தாதி வந்தாள். வெதுப்பகத்துக்குப் பாண் வாங்கப் போன ஒரு தகப்பனும் இரண்டு மகள்களும் வந்தார்கள். எல்லோரும் காலுறையோடு. ஒருவருடைய காலுறையில் மான் படம். குன்ரரின் பெருவிரல் வெளியே தெரிந்தது. அவர் மற்றக் காலால் அதை மறைத்து மறைத்துப் பார்த்தார்.

ரீவியின் ரிமோட் எங்கே என்று எனக்குத் தெரியாது. குன்ரருக்குத் தெரியும். மேடைக்குப் பின்னால் மூன்றாவது போத்தலுக்குப் பின்னே.

"அப்ப எனக்கு ஒரு பில்ஸ் பியர்" என்றார் ஒருவர்.

"ஏலாது" என்றேன். "பியர்க் குழாயில நான் கை வைக்கமாட்டன். எனக்கு அதுக்குப் பேப்பர் இல்லை."

பேப்பர், அதாவது அனுமதிப் பத்திரம், இல்லை என்றதும் ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றுகூட ஒருவர் சொன்னார். ஜேர்மனியில் இருபது வருடத்தில் நான் கற்றுக்கொண்ட மிகப் பலமான சொல் அதுதான்.

கோப்பி போட்டேன். அந்த மெசினில் ஒரு முறைக்குப் பத்துக் கோப்பை. மூன்று முறை போட்டேன்.

அடுத்த பிரச்சினை சத்தம். மேலே பொல்மான். பந்து பரகுவேயின் கோல் பக்கம் போனபோது இரண்டு பேர் எழும்பிக் கையைத் தூக்கினார்கள். நான் மேசைத்துணியை வீசிக்கொண்டு ஓடினேன்.

"மெதுவா, மெதுவா. மேல ஆள் நித்திரை."

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு நோகச் சிரிப்பேன். இருபத்தெட்டு ஜேர்மன்காரர், காலுறையோடு, கோப்பிக் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, உலகக் கிண்ண ஆட்டத்தைக் குசுகுசுத்தபடி பார்த்தார்கள். "அடி, அடி" என்று காற்றிலே சொன்னார்கள். நடுவர் பிழையாக ஊதினால் உதட்டை மட்டும் அசைத்துத் திட்டினார்கள். சபீனா இருந்தபடியே நித்திரை. இரண்டு சிறுமிகளும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

குன்ரர் என் காதருகே வந்தார். "கத்தத்தான் வந்தனான், ஃபிரௌ அன்ரோனி" என்று ரகசியமாகச் சொன்னார்.

5. இடைவேளை

முதல் பாதியில் ஒன்றும் நடக்கவில்லை. கோல் இல்லை. அவ்வளவு சலிப்பான ஆட்டம் என்று எல்லோரும் ரகசியமாகச் சொன்னார்கள்.

இடைவேளை வந்தது. நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். எப்படியும் பொல்மானுக்குத் தெரியவரும். நான்கு பேர் என்றால் மறைக்கலாம். இருபத்தெட்டுப் பேரை எங்கே ஒளிப்பது? வேறு ஒருவர் சொல்லி அவர் அறிந்தால் என்ன நினைப்பார்? யோசித்துக்கொண்டே நின்றதில் ரீவியில் மறுபடி ஆட்டம் தொடங்கப் போகிற இசை கேட்டது.

மேல்மாடிக்கு ஏறினேன். தட்டினேன். மூன்றாம் தரம் தட்டத்தான் கதவு திறந்தது. அதே குளியல் மேலங்கி.

"ஹெர் பொல்மான், கீழ ஆக்கள் இருக்கினம்."

"கள்ளரோ?"

"இல்லை. மேசை நாலு."

அவருக்கு விளங்கச் சில விநாடி எடுத்தது. "எத்தினை பேர்?"

"இருபத்தெட்டு. நான்தான் திறந்தனான். கேட்காமல் திறந்தது பிழை. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

அவர் முகம் சிவந்தது. "பியர் குடுத்தனீங்களோ?"

"இல்லை. கோப்பி மட்டும்."

"ஒருத்தருக்கும் இல்லையோ?"

"ஒருத்தருக்கும் இல்லை."

அவர் படிக்கட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் வேலை போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டேன். யோசேப்புக்கு எப்படிச் சொல்வது என்பதுவரை போய்விட்டேன்.

"சாப்பிட என்ன குடுத்தனீங்கள்?" என்று கேட்டார்.

"ஒண்டும் குடுக்கேல்லை."

"என்ர கடையில இருபத்தெட்டுப் பேர் வெறுவயிற்றோட இருக்கினமோ?" என்றார் பொல்மான். கோபம் முழுக்க இப்போது அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

6. முட்டை

அவர் உள்ளே வந்ததும் எல்லோரும் எழும்பி நின்றார்கள். தலைமை ஆசிரியர் வகுப்புக்குள் வந்ததுபோல. அவர் காலுறைகளைப் பார்த்தார். கவிழ்த்தபடி இருந்த மிச்சக் கதிரைகளைப் பார்த்தார். பிறகு குனிந்து தரையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"காய்ஞ்சிட்டுது" என்றார். குசினிக்குப் போய்விட்டார்.

மாலை உருளைக்கிழங்குச் சலாதுக்கு வைத்திருந்த முட்டைத் தட்டு மூன்று இருந்தது. இரண்டு பெரிய தாச்சியை அடுப்பில் வைத்து முட்டை பொரிக்கத் தொடங்கினார். நான் பாண் வெட்டினேன். வெதுப்பகத்துக்குப் போக வெளிக்கிட்ட அந்தத் தகப்பனை உண்மையிலேயே வெதுப்பகத்துக்கு அனுப்பினோம். கோல் இல்லாத அந்த ஆட்டத்தின் நடுவில் நான் தட்டுத் தட்டாய்க் கொண்டு போனேன். சபீனா எழும்பி மூன்று முட்டை சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினாள்.

"இப்ப கத்தலாமோ?" என்று குன்ரர் என்னைக் கேட்டார்.

"ஆள் எழும்பிட்டார். கத்துங்கோ."

"கத்த ஒண்டுமில்லையே" என்றார் கவலையோடு.

எண்பத்தெட்டாவது நிமிடம். நான் குசினியில், பொல்மானுக்கு அருகில், கடைசித் தட்டோடு நின்றேன். தாச்சியில் பன்னிரண்டு முட்டை. திடீரென்று வெளியே கூரை பிரிந்ததுபோல ஒரு சத்தம். அதற்குள் குன்ரரின் குரல் தனியாகக் கேட்டது. இரண்டு கிழமையாய்ச் சேர்த்து வைத்த சத்தம்.

பொல்மான் தோசைக்கரண்டி மாதிரி ஒன்றைக் கையில் பிடித்தபடி ஓடினார். "ஆர்? ஆர் அடிச்சது? எப்பிடி?" எல்லோரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு, மெழுகுத் தரையில் காலுறையோடு வழுக்கி வழுக்கி விழுந்துகொண்டிருந்தார்கள். குன்ரர் விழுந்த இடத்திலிருந்தே கத்தினார். யாரோ என்னையும் பிடித்துச் சுற்றினார்கள். அது சபீனா. அவள் கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை.

பொல்மான் அந்தக் கோலை ரீவியில் மெதுவாகத் திரும்பத் திரும்பக் காட்டியபோதுதான் பார்த்தார். ஒவ்வொரு முறையும் புதிதாய்ப் பார்ப்பதுபோலக் கத்தினார். அதற்குள் குசினியிலிருந்து கறுப்புப் புகை வந்தது.

வீட்டுக்குப் போனதும் யோசேப்பு வாசலிலேயே கேட்டார். "என்னப்பா, கடைப்பக்கம் ஒரே சத்தமாம். ஆர் அடிச்சது?"

"தெரியாது" என்றேன். "பன்னிரண்டு முட்டை கருகினது தெரியும்."

7. இரண்டு கடிதம்

திங்கட்கிழமை ஏழு மணிக்குப் போனபோது பொல்மான் எழும்பி, உடுத்து, மேசை நாலில் இருந்தார். முன்னால் இரண்டு கடிதம். இரண்டும் தட்டச்சில் அடித்தவை.

"இருங்கோ" என்றார். "முதல் இதை வாசியுங்கோ."

முதலாவது அப்மானுங். வேலையில் செய்த பிழைக்கு எழுத்தில் தரும் கண்டிப்பு. சனிக்கிழமை காலை முன் அனுமதியின்றிக் கடையைத் திறந்தது பிழை, இனி இப்படி நடக்கக்கூடாது என்று இருந்தது.

"இது சரிதானே?" என்று கேட்டார்.

"சரி" என்றேன். கையெழுத்து வைத்தேன். கண் கலங்கியது உண்மை.

"இப்ப இதை வாசியுங்கோ."

இரண்டாவது வேலை ஒப்பந்தம். துப்புரவு என்று இருந்த இடத்தில் "பகல் நேரக் கடைப் பொறுப்பு" என்று இருந்தது. ஆட்டம் உள்ள நாட்களில் கடையைத் திறப்பது, விருந்தினரைக் கவனிப்பது என்று கீழே எழுதியிருந்தது. நான் அதை இரண்டு தரம் வாசித்தேன். பிறகு அவரைப் பார்த்தேன்.

"ஒரே நாளில ரெண்டும் எப்பிடி?"

"ரெண்டும் வேற வேற விசயம்" என்றார்.

பிறகுதான் அந்த ஐந்து மணிக் கதையைச் சொன்னார். அவருடைய தகப்பனும் பியர்க்கடைதான் வைத்திருந்தாராம், ஒரு நெசவாலை வாசலில். காலை ஆறு மணிக்குத் திறப்பாராம். இரவு வேலை முடிந்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே குடித்து விழுவார்களாம்.

"என்ர தகப்பனும் அவையளோட சேர்ந்து விழுந்தார். காலமை திறக்கச் சட்டம் விடுது. எனக்குத்தான் மனம் விடேல்லை" என்றார். "காலமை கடை திறந்து, பியர் இல்லாமல், சனம் சிரிச்சு நான் சனிக்கிழமைதான் முதல்முதல் பார்த்தனான்."

பித்தளைத் தகட்டை அவர் மாற்றவில்லை. மட்டையைத்தான் மாற்றினார். "ஆட்டம் உள்ள நாளில் ஃபிரௌ அன்ரோனி திறப்பார். பியர் 11 மணிக்குப் பிறகு."

8. பேப்பர் கிடைத்தது

அடுத்த ஆட்டம் வெள்ளி மதியம் ஒன்றரைக்கு. அதற்குள் எனக்குச் சுகாதார அலுவலகத்தின் பேப்பர் வேண்டும். வியாழன் காலை டெர்மின் கிடைத்தது. வயிற்றோட்டம் இருந்தால் வேலைக்குப் போகக்கூடாது என்பதை ஒரு அம்மா முக்கால் மணித்தியாலம் பல விதமாகச் சொன்னா. படமும் காட்டினா. நான் எல்லாவற்றுக்கும் ஓம் என்று சொல்லிப் பேப்பரை வாங்கிக்கொண்டு நேரே கடைக்கு ஓடினேன்.

என் வாழ்க்கையில் நான் ஊற்றிய முதல் பியர் முக்கால்வாசி நுரை. குன்ரர் அதை மேலே தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "கீழ எங்கேயோ பியரும் இருக்கு" என்றார். குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

ஜேர்மனி அந்த ஆட்டத்தையும் வென்றது, செவ்வாய்க்கிழமை ஆட்டத்தையும் வென்றது. இறுதியாட்டம் ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு. எழுபது பேருக்கு மேல் வந்தார்கள். யோசேப்பும் பிள்ளைகளும் முதல்முறையாக என் கடையைப் பார்க்க வந்தார்கள்.

பிரேசில் இரண்டு கோல் அடித்தது. நாங்கள் ஒன்றும் அடிக்கவில்லை. நாங்கள் என்று இப்போது சொல்கிறேன், அன்றைக்குத்தான் அந்தச் சொல் முதல்முறை என் வாயில் வந்தது.

மூன்று மணிக்கு ஆட்டம் முடிந்தது. ஒருவரும் எழும்பவில்லை. பொல்மான் ரீவியை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"வழக்கப்படி ஐந்துக்குத்தான் திறக்கவேணும். இப்ப மூடிப்போட்டுப் பிறகு திறப்பமோ?"

"இவையளை வீட்டை அனுப்பிப்போட்டு ரெண்டு மணித்தியாலத்தில திரும்பி வரச் சொல்லுவியளோ?"

அவர் எழுபது முகத்தையும் ஒருமுறை பார்த்தார். "பகல் உங்கட பொறுப்பு" என்றார். "நீங்கள் சொல்லுங்கோ."

"திறந்தபடி இருக்கட்டும்" என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டு அவர் கிளாஸ் கழுவப் போனார்.

இன்னும் நான்கு வருடம் அந்தக் கடையில் பகல் பொறுப்பாய் இருந்தேன். இப்போது வேலைக்குப் போகத் தொடங்குகிற பிள்ளைகளுக்கு அந்த அனுபவத்திலிருந்து ஒன்றுதான் சொல்வேன். கேட்க ஆளில்லாத நேரத்தில் நீங்களாக ஒரு முடிவு எடுக்கவேண்டி வரும். எடுங்கள். ஆனால் அது நடந்துகொண்டிருக்கும்போதே போய்ச் சொல்லிவிடுங்கள். எல்லாம் முடிந்தபின் சொன்னால் மேலே இருப்பவருக்குக் கோபப்படுவதைத் தவிர வேறு வேலை மிஞ்சாது. நடுவில் சொன்னால் அவரும் இறங்கிவந்து ஒரு கை கொடுக்கலாம். இடைவேளை பதினைந்து நிமிடம். எனக்குப் பதினான்கு நிமிடம் பயப்படுவதிலேயே போனது. படி ஏற ஒரு நிமிடம் போதுமாக இருந்தது.